ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் என்றால் ஆளாளுக்கு மனம்போன போக்கில் வாசிப்பது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளுக்கு அடியில் ஒரு சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் வகை) என்றால் பெரும்பாலும் 12 பார், பிராட்வே இசைநாடகப் பாட்டு என்றால் பெரும்பாலும் 32. (இசைக்காரர்களின் பார், நாலு தட்டுக்கு ஒன்று.) எந்த இடத்தில் எந்தக் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) வரும் என்பது மேடையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். முதல் சுற்றில் மெட்டு, அப்புறம் ஒவ்வொருவராகத் தனி, கடைசியில் மறுபடி மெட்டு என்பது வழக்கமான ஏற்பாடு. டிரம்பெட்காரர் எங்கே பறந்தாலும் பாஸ்காரர் சுற்றை விடமாட்டார். கையால் தட்டி எண்ணிக்கொண்டே கேட்டால் பிடிபட்டுவிடும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் தடுமாறுவது இன்னோர் இடத்தில். கல்பனாஸ்வரம் கேட்ட காது இங்கேயும் ராகத்தைத் தேடும். அங்கே சுருதி அசையாமல் நிற்கும். ஜாஸில் அடியிலிருக்கும் கார்டே மாறிக்கொண்டிருக்கும். ஒரு நொடி முன்பு இழைந்த ஸ்வரம் இப்போது உறுத்தலாம். அந்த நகர்வுக்கு ஏற்ப வாசிப்பவர் எப்படி வளைகிறார் என்பதில்தான் சுவையே. 1959ல் வந்த டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பம் ஓரளவு விதிவிலக்கு. அதில் ஒரே ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) வெகுநேரம் நிற்பார்கள். நம் காதுக்கு அதுவே சுலபமான வாசல்.

வரலாற்றில் பெரிய குழப்பம் 1917. அந்தப் பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற ஐந்து வெள்ளையர்களின் குழு நியூயார்க்கில் பதிவு செய்ததுதான் முதல் ஜாஸ் இசைத்தட்டு. தட்டு வந்த நாளைப் பிறந்தநாள் ஆக்கிவிடக் கூடாது. நியூ ஆர்லியன்ஸில் 1900ஐ ஒட்டியே கறுப்பினக் கலைஞர் பட்டி போல்டன் தன் கார்னெட்டால் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) நடன அரங்குகளைக் கலக்கிக்கொண்டிருந்தார். 1907ல் அவர் மனநல மருத்துவமனைக்குப் போனார். வாசித்த எதுவும் பதிவாகக் கிடைக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் குழு, இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு, பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தது 1923ல்தான். நடுவில் ஜெல்லி ரோல் மார்ட்டன் வேறு, 1902ல் ஜாஸைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று சொல்லிக்கொண்டார். அபாரமான பியானோக்காரர், பெருமையடிப்பதிலும். நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் அடிமைகள் ஞாயிறுதோறும் ஆடிய ஆப்பிரிக்கத் தாளங்கள், புளூஸ், தேவாலயப் பாடல், ராக்டைம் என்ற துள்ளலான பியானோ இசை, பித்தளை வாத்திய அணிவகுப்பு, ஐரோப்பிய இசை பயின்ற கிரியோல் (கலப்பு வம்சாவளி) கலைஞர்கள் என இத்தனையும் கலந்த ஒன்றுக்குத் தனி ஆள் யாரும் உரிமை கோர முடியாது.

நியூ ஆர்லியன்ஸின் ஸ்டோரிவில் பகுதி விபச்சார விடுதிகளில்தான் ஜாஸ் பிறந்தது என்பது சுவாரசியமான கதை, அவ்வளவுதான். அந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு பியானோக்காரர் இருப்பார். குழுக்கள் வாசித்தது நடன அரங்குகளிலும் ஊர்வலங்களிலும் சவ அடக்கங்களிலும். 1917ல் ஸ்டோரிவில் மூடப்பட்டதால்தான் கலைஞர்கள் சிகாகோவுக்குக் கிளம்பினார்கள் என்பதும் முழு உண்மையில்லை. கார்னெட் கலைஞர் ஃபிரெடி கெப்பர்ட் 1914லேயே ஊரை விட்டுப் போய்விட்டார்.

ஜாஸ் என்றாலே சாக்ஸபோன் என்று நினைப்பதும் தவறு. ஆரம்பக் குழுக்களில் முன்வரிசை கார்னெட், கிளாரினெட், டிராம்போன்தான். டெனர் சாக்ஸபோனுக்கு ஜாஸில் மரியாதை வாங்கித் தந்தவர் கோல்மன் ஹாக்கின்ஸ், அதுவும் 1920களில்.