கேரவன் பயணத்தில் தண்ணீர்: எங்கே பிடிப்பது, கெடாமல் எப்படி வைத்துக்கொள்வது

கேரவனில் கிளம்புகிறவர்கள் டயர், பிரேக், பேட்டரி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தண்ணீர் விஷயத்தை மட்டும் "போற வழியில பிடிச்சுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பிடிக்கலாம்தான். ஆனால் பிடித்தது நல்ல தண்ணீரா என்று பார்க்க வேண்டும். நல்ல தண்ணீராகவே பிடித்திருந்தாலும், வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்கில் ஒரு வாரம் கிடந்த பிறகு அது இன்னும் குடிக்கிற மாதிரி இருக்குமா என்றும் யோசிக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நிறைய பேர் யோசிப்பதே இல்லை. நல்ல ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல இடத்தில் பிடிப்பது, சுத்தமான ஓஸில் பிடிப்பது, தண்ணீரில் இருக்கும் குளோரினை டேங்குக்குள் விட்டுவைப்பது, இந்த மூன்றும் முதலில். ஃபில்டர் அதற்கப்புறம்தான்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிடலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் கூடும். பாத்திரம் கழுவ, குளிக்க எல்லாம் சேர்த்துச் சிக்கனமாகப் புழங்கினால் ஆளுக்கு 15 முதல் 20 லிட்டரில் ஓட்டலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 150 லிட்டர் டேங்க் நிரம்பினால் வண்டியில் 150 கிலோ ஏறுகிறது, அதனால் வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் இடத்தில் நல்ல குழாய் இருப்பது உறுதி என்றால் முழு டேங்கையும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. உறுதியாகத் தெரியவில்லை என்றால் நிரப்பிக்கொண்டே போங்கள்.

எங்கே பிடிப்பது

கேரவன் பார்க், முகாம் மைதானம், பெட்ரோல் பங்க், நெடுஞ்சாலை ஓய்விடம், நகராட்சிப் பூங்கா, இப்படிப் பல இடங்களில் குழாய் இருக்கும். "குடிநீர்" என்று பலகை இருந்தால் பிடிக்கலாம். பலகையே இல்லை என்றால் குடிக்க முடியாத தண்ணீர் என்றே வைத்துக்கொண்டு, அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது "நல்ல தண்ணியா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "இது நகராட்சித் தண்ணீரா, போர் தண்ணீரா, கடைசியாக எப்போது டெஸ்ட் செய்தீர்கள், நீங்கள் இதைத்தான் குடிக்கிறீர்களா?" என்று கேளுங்கள், பதில் வரும் விதத்திலேயே பாதி புரிந்துவிடும். அந்த ஊரில் சமீபத்தில் வெள்ளம் வந்ததா, "கொதிக்க வைத்துக் குடிக்கவும்" என்று அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடத்தில் இருக்கும் குழாயில் மட்டும் குடிக்கத் தண்ணீர் பிடிக்கவே பிடிக்காதீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே போதும். ஒருவர் பிளாக் டேங்கை, அதாவது கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டியைத் திறந்துவிடுவார், மலக்கழிவு ஓடிய ஓஸைத் தூக்கி, அதன் வாயைத் தண்ணீர்க் குழாயின் மூக்கோடு ஒட்டிவைத்துக் கழுவுவார், கையுறையோடே குழாயைத் திருகி மூடிவிட்டுப் போய்விடுவார். அடுத்து வருகிறவர் அதே மூக்கில் தன் ஓஸை மாட்டுவார். சில இடங்களில் இரண்டு குழாய்கள் வைத்து, ஒன்றில் குடிநீர் என்று எழுதியிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தால் அதையும் நான் தொடமாட்டேன்.

குழாய் சரி என்று பட்டதும் உடனே ஓஸை மாட்டிவிடாதீர்கள். ப்ளீச் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் குழாயின் மூக்கையும் உள் மரையையும் நன்றாகத் துடையுங்கள், அந்த மரையில்தான் அழுக்கு படிந்திருக்கும். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோப்பை எதற்கென்றால், லேசான மஞ்சளும் மிதக்கும் தூசியும் அதில்தான் தெரியும். மோந்தும் பாருங்கள். லேசாகக் குளோரின் வாடை அடித்தால் நல்ல அறிகுறி, முகம் சுளிக்க வேண்டாம். சாக்கடை வாடையோ எண்ணெய் வாடையோ வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

டி.டி.எஸ். மீட்டரை முக்கிவிட்டு "எண் குறைவாக இருக்கு, நல்ல தண்ணி" என்று சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத்தான் சொல்லும், கிருமியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அதைவிடக் குளோரின் அளக்கும் டெஸ்ட் ஸ்டிரிப் ஒரு டப்பா வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், மேல் வரம்பு 5 மில்லிகிராம். ஸ்டிரிப்பில் நிறமே மாறவில்லை என்றால் அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை, நீங்கள்தான் ப்ளீச் சேர்க்க வேண்டும். போர் தண்ணீரில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். போர் தண்ணீரில் நைட்ரேட், ஆர்சனிக் போன்றவை இருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். அதனால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க விவரம் தெரியாத போர் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள்.

ஓஸும் பிரஷரும்

தோட்டத்துக்கு ஊற்றும் பச்சை ஓஸ் வேண்டாம். அந்த மாதிரி ஓஸ்களில் ஈயமும் பிளாஸ்டிக்கை இளக்கும் ரசாயனங்களும் இருக்கலாம், வெயிலில் கிடந்தால் தண்ணீரில் இறங்கும். குடிநீருக்கென்றே விற்கும் ஓஸ் தனியாக இருக்கிறது, பெரும்பாலும் வெள்ளை அல்லது நீல நிறத்தில் வரும். வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு முனையையும் ஒன்றோடொன்று திருகி மூடிவிடுங்கள், பூச்சியும் மண்ணும் போகாது. கழிவு ஓஸ் இருக்கும் பெட்டியில் இதை வைக்கவே கூடாது, வேறு பெட்டி, முடிந்தால் வண்டியின் மறுபக்கம். ஓஸை அப்படியே குழாயில் மாட்டி வண்டிக்கு நேரடி இணைப்புக் கொடுப்பதாக இருந்தால் குழாய்ப் பக்கம் ஒரு பிரஷர் ரெகுலேட்டர் கட்டாயம். கேரவனின் உள் பைப்புகளுக்கு 40 முதல் 50 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) போதும், சில இடத்துக் குழாய்களில் அதைப்போல இரண்டு மடங்கு வரும், எங்கோ ஒரு மூட்டு தெறித்துக்கொண்டால் தரைப்பலகையே ஊறிவிடும்.

கரி ஃபில்டரை எங்கே மாட்டுவது

கரி ஃபில்டர் குளோரினை எடுத்துவிடும், அதனால்தான் ருசி நன்றாக இருக்கிறது. அதைக் கொண்டுபோய் டேங்குக்கு முன்னால் மாட்டினால் என்ன ஆகும்? குளோரின் இல்லாத தண்ணீர் டேங்கில் போய் உட்காரும், வெதுவெதுப்பில் நாலைந்து நாளில் டேங்கின் சுவரில் வழவழப்பு படிய ஆரம்பித்துவிடும். அதனால் டேங்குக்குள் போகும் வழியில் மண், துரு பிடிக்கிற 5 மைக்ரான் ஃபில்டர் மட்டும் வையுங்கள். குளோரின் தண்ணீரோடு உள்ளே போகட்டும், இருக்கிறவரை காவல் காக்கட்டும். கரி ஃபில்டரைச் சமையல் தொட்டியின் அடியில், குடிக்கிற குழாய்க்கு நேர் முன்னால் மாட்டுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் என்.எஸ்.எஃப். (ஃபில்டர்களைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு) தர எண்ணைப் பாருங்கள். 42 என்றால் ருசி, குளோரின் வாடைக்கு. 53 என்றால் உடல்நலம் சம்பந்தப்பட்ட பொருள்களுக்கு, ஆனால் அதிலும் எதற்கென்று தனித்தனியாகச் சான்று தருவார்கள், ஈயம், கெட்டியான உறைக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகள் (சிஸ்ட்) என்று பட்டியல் போட்டிருக்கிறதா என்று படியுங்கள். 58 என்பது ஆர்.ஓ.வுக்கு. ஆர்.ஓ. நல்லதுதான், கேரவனில் எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒரு லிட்டர் கொடுப்பதற்குள் அதைவிட அதிகமாகக் கழித்துவிடும், அந்தக் கழிவும் நம் கிரே டேங்கில்தான், அதாவது பாத்திரம் கழுவின, குளித்த தண்ணீர் சேரும் தொட்டியில்தான் போய்ச் சேரும்.

டேங்கைச் சுத்தம் செய்வது

வண்டி புதிதாக வந்ததும், நாள்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டு எடுக்கும்போதும், வாடை வரும்போதும், தொடர்ந்து பயணம் என்றால் சில மாதங்களுக்கு ஒரு முறையும் இதைச் செய்யுங்கள். முதலில் எல்லா ஃபில்டர்களையும் கழற்றுங்கள், ஹீட்டரை அணைத்து ஆறவிடுங்கள். டேங்கை வடித்துவிட்டு, வாசனை சேர்க்காத சாதாரண திரவ ப்ளீச் எடுத்துக்கொள்ளுங்கள், 5 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருக்கும். டேங்கின் கொள்ளளவில் லிட்டருக்கு 1 மில்லி கணக்கு, அதாவது 100 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி. அதை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, டேங்கை நிரப்புங்கள். பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறங்கள், குளிர்நீர், வெந்நீர், ஷவர், வெளியில் இருக்கும் குழாய், எதையும் விடாமல். மூக்கில் ப்ளீச் வாடை அடிக்கும்வரை ஓடவிட்டு மூடுங்கள். வெந்நீர்ப் பக்கம் வாடை வர நேரமாகும், ஹீட்டர் நிரம்ப வேண்டும், பொறுமை வேண்டும். இப்படியே ஒரு ராத்திரி, ஒரு 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். காலையில் வடித்து, நல்ல தண்ணீர் நிரப்பி, வாடை போகும்வரை ஒன்றிரண்டு முறை அலசுங்கள். வாடை சீக்கிரம் போகட்டும் என்று ப்ளீச்சோடு வினிகர் ஊற்றும் ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும், அடைத்த வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து.

நல்ல தண்ணீர்தான் பிடித்திருந்தாலும் டேங்கில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கோடையில் அதற்கும் முன்னாடியே மாற்றிவிடுவது நல்லது, 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை லெஜியோனெல்லா மாதிரி பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டமான சூடு. அந்தக் கிருமி குடிப்பதைவிட ஷவரில் தெறிக்கும் நீர்த்துளியை மூச்சில் இழுக்கும்போதுதான் நுரையீரலைப் பிடிக்கும், ஆகவே "நாங்க டேங்க் தண்ணியைக் குடிக்கிறதில்லை, குளிக்க மட்டும்தான்" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் பெரும்பாலும் ஹீட்டருக்குள் வளரும் பாக்டீரியாதான் காரணம், மேலே சொன்ன மாதிரி ஹீட்டரையும் சேர்த்துச் சுத்தம் செய்தால் போய்விடும்.

டேங்க் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், குடிப்பதற்குத் தனியாகக் கேன் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். டேங்க் கெட்டாலோ பம்ப் நின்றாலோ கையில் தண்ணீர் இருக்கும். உணவுப் பொருளுக்கு என்றே விற்கும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேன், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும், அதுவும் வெளிச்சம் புகாத நிறத்தில் இருந்தால் பாசி பிடிக்காது. பால் கேன், ரசாயனம் வந்த கேன் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மிச்சம் இருக்கும். பிடித்த தேதியை ஒரு டேப்பில் எழுதி ஒட்டுங்கள். உள்ளே டம்ளர் விட்டு மொள்ளாமல், சாய்த்தோ சின்னக் குழாய் வைத்தோ எடுங்கள்.

வேறு வழியே இல்லாமல் ஆறு, ஓடை, ஏரியில் எடுக்க நேர்ந்தால், தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே இருந்தால் மூன்று நிமிடம். அடுப்பு இல்லை என்றால் 6 சதவீத ப்ளீச் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலாகவோ மிகவும் குளிர்ந்தோ இருந்தால் 4 சொட்டு, கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு லேசாகக் குளோரின் வாடை இருக்க வேண்டும், இல்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை போட்டு மேலும் 15 நிமிடம் காத்திருங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் குளோரினுக்கு மசியாது, அதற்குக் கொதிக்க வைப்பதுதான் நம்பகமான வழி. பச்சைப் பாசி பெயின்ட் கொட்டின மாதிரி மிதக்கும் ஏரித் தண்ணீரைத் தொடவே வேண்டாம், அந்தப் பாசியின் நஞ்சு கொதித்தாலும் போகாது. வயல்வெளி, தொழிற்சாலை, சுரங்கம் பக்கத்து ஓடையும் அப்படித்தான்.

உறைபனி விழும் இடத்தில் வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்க், ஹீட்டர், பைப் எல்லாவற்றையும் முழுதாக வடித்துவிடுங்கள், உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், பம்பும் பைப்பும் வெடித்துவிடும். ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவதாக இருந்தால் கேரவன் குடிநீர்க் குழாய்களுக்கென்றே வரும் புரோப்பிலீன் கிளைகால் வகை மட்டும்தான், பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். என்ஜினுக்கு ஊற்றுவது எத்திலீன் கிளைகால், அது விஷம், டேங்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மறுபடி வண்டியை எடுக்கும்போது நன்றாக அலசிவிட்டு, மேலே சொன்ன ப்ளீச் வேலையையும் முடித்த பிறகே குடிக்கத் தண்ணீர் நிரப்புங்கள்.