புதுப் பூனை வந்த முதல் இரண்டு வாரம்: எங்கே சொதப்புகிறது?

பால் வைக்காதீர்கள், வாலைப் பிடித்து இழுக்காதீர்கள் என்பதெல்லாம் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுவோம். பூனை மேல் பாசம் உள்ளவர்களே நல்ல எண்ணத்தில் செய்துவிட்டு மாட்டிக்கொள்கிற தவறுகள் சில உண்டு. அதில் முதலாவதுக்குத்தான் இங்கே பாதி இடம்.

முதல் நாளே வீடு முழுக்கத் திறந்துவிடுவது

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பூனைக் கூடை ஹால் நடுவில் இறங்கும். சுற்றி அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். டிவி வேறு ஓடும். கூடையைத் திறந்ததும் பூனை வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விடும். ஒருவர் ஃப்ரிட்ஜை நகர்த்துவார், இன்னொருவர் துடைப்பத்தை நீட்டுவார். அது பீரோ மேல் தாவி, அங்கிருந்து லாஃப்டுக்கு ஏறும். ஸ்டூல் போட்டு ஏறி முன்னங்காலைப் பிடித்து இழுத்தால், கட்டைவிரலில் ஆழமாக ஒரு கடி விழும். மறுநாள் தத்துக் கொடுத்தவருக்கு போன் போகும்: "ரொம்ப முரட்டுப் பூனையா இருக்குங்க, வேற குட்டி மாத்தித் தர முடியுமா?"

அது முரட்டுப் பூனையே இல்லை. அதற்கு ஒளிய ஒரு இடம் தராமல், தானாகத் தேடிக்கொண்ட இடத்திலிருந்தும் பிடுங்கி எடுத்திருக்கிறோம்.

பூனைக்கு முதலில் இடம் பழக வேண்டும், ஆள் பிறகுதான். கன்னத்திலும் நெற்றியிலும் பாதத்திலும் உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பூசிப் பூசித்தான் அது ஓர் இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். தன் வாசனை ஒரு சொட்டும் இல்லாத வீட்டில் ஒளிந்து நின்று கவனிப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. அங்கிருந்து இழுத்தால், நீளுகிற கையெல்லாம் ஆபத்து என்று படித்துக்கொள்ளும். ஒரே ஒரு தடவை இழுத்ததைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

செய்ய வேண்டியது இது. வீட்டிலேயே ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு அறையை ஒதுக்குங்கள். பூனை வருவதற்கு முன்பே பீரோவுக்குப் பின்னால் உள்ள சந்து, லாஃப்ட், ஏ.சி. குழாய் போகிற ஓட்டை என்று கை எட்டாத இடங்களைத் துணியோ அட்டையோ வைத்து அடையுங்கள். பதிலுக்கு நல்ல மறைவிடம் ஒன்று கொடுங்கள். ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் தலையும் உடலும் நுழைகிற அளவு இரண்டு வாசல் வெட்டினால் போதும். ஒரே வாசல் இருந்தால் சிக்கிக்கொண்டதாக நினைக்கும். வந்த கூடையையும் கதவைத் திறந்தபடி அங்கேயே விடுங்கள். பழைய இடத்தில் அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் வாங்கி வந்து உள்ளே போடுங்கள். பலர் அதைச் சோப்புப் போட்டு அலசிவிட்டுத்தான் போடுகிறார்கள், போட்டும் பயனில்லை.

முதல் நாள் சாப்பாடு, தண்ணீர், மலமும் சிறுநீரும் கழிக்க மணல் தட்டு மூன்றையும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து ஒருவர் மட்டும், நாளுக்கு மூன்று நான்கு தடவை, பதினைந்து இருபது நிமிடம் தரையில் உட்காரட்டும். செல்போன் பார்க்கலாம், மெல்லப் பேசலாம், பூனையை உற்றுப் பார்க்க மட்டும் வேண்டாம். கண் பட்டால் மெதுவாக மூடித் திறந்து வேறு பக்கம் திரும்பிவிடுங்கள். அது அருகில் வந்தால் ஒரு விரலை மூக்கு மட்டத்தில் நீட்டுங்கள். கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்தைச் சொறியலாம். தேய்க்காமல் முகர்ந்துவிட்டுப் போனால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் நுழையும்போது வாலை நிமிர்த்தி எதிரே வந்து, உங்கள் முன்னாலேயே சாப்பிட்டு, காலில் உரச ஆரம்பித்த பிறகு கதவைத் திறக்கலாம். அதுவும் நாளுக்கு ஒரு அறையாக, பழைய அறைக்குத் திரும்ப வழி விட்டு. மனிதக் கையில் வளர்ந்த குட்டிக்கு மூன்று நாள் போதும். தெருவில் வளர்ந்த பெரிய பூனைக்கு இரண்டு வாரம், சிலதுக்கு மாதமும் ஆகும். நாள் கணக்கை விட வாலைப் பாருங்கள்.

கடி வாங்கிவிட்டால்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி. பூனைக் கடியிலும் வெறிநோய் வரும். பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்குவதால் சீக்கிரம் சீழும் பிடிக்கும்.

பழைய பூனையின் முன்னால் கொண்டுபோய் வைப்பது

"ரெண்டு நாள் சண்டை போடும், அப்புறம் சேர்ந்துக்கும்" என்பார்கள். சேராமல் வருஷக்கணக்கில் ஆளுக்கொரு அறையில் கிடக்கிற பூனைகள் இப்படித்தான் உருவாகின்றன.

முதலில் வாசனையைப் பழக்குங்கள். ஒன்றின் கன்னத்தைத் துடைத்த துணியை மற்றதன் சாப்பாட்டுத் தட்டுக்கு அருகில் போடுங்கள். பிறகு மூடிய கதவின் இரண்டு பக்கமும், கதவிலிருந்து ஆறடி தள்ளித் தட்டுகளை வைத்து, வேளைக்கு அரை அடியாக நகர்த்துங்கள். சீறினாலோ சாப்பாட்டை விட்டு எழுந்தாலோ முந்தின தூரத்துக்கே திரும்புங்கள். கதவோரம் நிம்மதியாகச் சாப்பிட்ட பிறகுதான் கொசுவலைக் கதவு வழியாகப் பார்க்க விடலாம். அதன் பிறகே ஐந்து நிமிட நேரடிச் சந்திப்பு. கட்டிப் புரண்டால் நடுவே அட்டையைச் செருகுங்கள், கையை அல்ல.

இந்தப் பிரித்துவைத்தல் இன்னொன்றுக்கும் உதவும். பேன்லூக்கோபீனியா என்ற நோயின் வைரஸ் உடலில் இருந்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் வாந்தி, பேதி, சோர்வு என்று வெளியே தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் முன்பு ஒரு குட்டி அதில் இறந்திருந்தால், தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டுவரவே வேண்டாம். ஒரு வருஷம் வரைகூட அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் தங்கும்.

மணல் தட்டு

கடையில் விற்கிற சின்னத் தட்டு குட்டிக்குத்தான் சரி. பெரிய பூனைக்குத் துணி ஊறவைக்கிற இரண்டடி டப் வாங்கி, ஒரு பக்கத்தை நான்கு அங்குல உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மணல் இரண்டு மூன்று அங்குல ஆழம், வாசனை சேர்க்காதது. பிறந்து மூன்று மாதம் ஆகாத குட்டி மணலைத் தின்று பார்க்கும். அதற்கு, ஈரம் பட்டால் கட்டியாகிற மணல் ஆகாது. பூனை எத்தனையோ அதைவிட ஒரு தட்டு கூடுதலாக.

ஈரமான பாத்ரூமில் வைத்துவிட்டு, கட்டிலில் போகிறது என்று புலம்புகிறவர்கள் அதிகம். ஈரத் தரையை மிதிக்க எந்தப் பூனைக்கும் பிடிக்காது. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால், அது சுற்றுகிற நேரத்தில் ஒரு நாள் பயந்தது போதும், அப்புறம் அந்தத் தட்டைத் திரும்பியும் பார்க்காது.

ஆண் பூனை அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கி, சிறுநீர் வராமல் எழுந்தால் அது மலச்சிக்கல் இல்லை. சிறுநீர்ப் பாதை அடைப்பு. காலை வரை காத்திருக்காதீர்கள்.

பினாயில்

வேண்டாம். கறுப்பு பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. தரையை மிதித்து, காலை நக்கி, உள்ளே போகும். அந்துருண்டையும் அப்படியே. பாரசிட்டமால் ஒரு மாத்திரையே கொல்லும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம்.

வந்த அன்றே சாப்பாட்டை மாற்றுவது

பழைய இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே ஒரு வாரம் கொடுங்கள். பிறகு கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரம் பத்து நாளில் மாற்றலாம். தயிர் சாதத்திலேயே வளர்ந்த பூனை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். மீனை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். குழம்பு மீனைக் கழுவிக் கொடுத்தாலும் அதில் வெங்காயச் சாறு ஊறியிருக்கும், அது பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும்.

முதல் நாள் சாப்பிடாதது சகஜம். 24 மணி நேரம் தாண்டியும் ஒரு வாய் தொடவில்லை என்றால் டாக்டரிடம் பேசுங்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும். குட்டிக்கு அந்த 24 மணி நேரமே அதிகம்.

வாசல் கதவு

கேஸ் சிலிண்டர் வருகிற நேரம், மாவு வாங்கப் போகிற நேரம். அந்த இரண்டு நிமிடத்தில்தான் பூனை வெளியே போகும். முதல் மாதம் முழுக்க, வாசல் மணி அடித்தால் முதலில் பூனை அறைக் கதவைச் சாத்துங்கள், பிறகு வாசலுக்குப் போங்கள். பால்கனி கிரில்லில் தலை நுழைகிறது என்றால் உடம்பும் நுழையும், வலை அடியுங்கள்.

ஓடிவிட்டால் தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு அலைய வேண்டாம். பெரும்பாலும் நாலைந்து வீட்டுக்குள், ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலோ படிக்கட்டின் கீழோ மூச்சு காட்டாமல் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் டார்ச்சும் மீன் வாசனையும் கொண்டு போங்கள். கண்கள் பச்சையாக மின்னும்.

தீபாவளிக்கு முந்தின வாரம்

தத்தெடுக்காதீர்கள். வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவையுங்கள்.