ஒரு நிமிடக் காட்சிக்கு ஷாட் பிரிப்பது எப்படி?

குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்கள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். தொடங்குவதற்குக் கையில் இருக்கும் போன் போதும். அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது ஷாட் டிவிஷன். எந்தத் தகவல், எந்த நொடியில், யாரைக் காட்டும்போது பார்வையாளருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முன்பே முடிவு செய்யும் வேலை அது. ஒரு சின்னக் காட்சியை வைத்துச் செய்து பார்ப்போம்.

மகனுக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்கு வருகிறான். அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் உள்ளே போகிறான்.

1. காட்சியைத் துண்டுகளாக எழுதுங்கள்

கேமராவை மறந்துவிட்டு, நடப்பதை மட்டும் வரிசையாக எழுதுங்கள். அவன் வருகிறான். அம்மா நிமிராமலே "சாப்பிட்டியா?" என்கிறார். அவன் வாய் திறக்கிறான், வார்த்தை வரவில்லை. அம்மாவின் கை நிற்கிறது. அவன் "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். இதில் கதை திரும்பும் இடம் எது? என்னைக் கேட்டால், கை நிற்கும் இடம். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று நமக்குத் தெரிவது அங்கேதான். அந்த இடத்துக்குத்தான் பெரிய குளோசப்பைச் சேர்த்து வைக்க வேண்டும். வருவதையும் குளோசப்பில், போவதையும் குளோசப்பில் காட்டிவிட்டால் கை நிற்கும்போது அதற்கு எந்த வலுவும் இருக்காது.

2. ஷாட்டுகளாக மாற்றுங்கள்

ஷாட் 1: வைட். அறை முழுக்கத் தெரிகிறது, இடது பக்கம் அம்மா, வலது பக்கக் கதவு வழியாக மகன் வருகிறான்.
ஷாட் 2: அம்மா மீது சஜஷன், அதாவது முன்னால் இருப்பவரின் உடலில் கொஞ்சம் தெரிய எதிரே இருப்பவரைக் காட்டுவது. மகன் முன்னால் தெரிய, அம்மா கேள்வி கேட்கிறார்.
ஷாட் 3: மகன், மிட் ஷாட் (இடுப்புக்கு மேலே). வாய் திறக்கிறான்.
ஷாட் 4: அம்மாவின் கை, குளோசப். ஆய்வது நிற்கிறது.
ஷாட் 5: மகன், குளோசப். "ம்."
ஷாட் 6: மறுபடி வைட். அவன் உள்ளே போகிறான், அம்மா அந்தப் பக்கமே பார்க்கிறார்.

ஷாட் 2-ஐக் கொஞ்சம் யோசியுங்கள். மகன் நிற்கிறான், அம்மா தரையில். வழக்கம்போல அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் டாப் ஆங்கிள் ஆகிவிடும், அம்மா சின்னதாகத் தெரிவார். இந்தக் காட்சி அம்மாவுடையது. அதனால் கேமராவை அவர் கண் உயரத்துக்கு இறக்கி, மகனின் இடுப்பும் தொங்கும் பையும் மட்டும் முன்னால் தெரியும்படி வைப்பேன்.

3. தாளில் அறையை வரையுங்கள்

மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு கட்டம். கதவு, ஜன்னல், அம்மா, மகன். இருவருக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். இதுதான் இமேஜினரி லைன். எல்லா ஷாட்டுகளுக்கும் கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில், அந்த 180 டிகிரி அரைவட்டத்துக்குள் இருக்கட்டும். அப்போது அம்மா வலது பக்கமும் மகன் இடது பக்கமும் பார்ப்பார்கள். ஒருவரை ஒருவர் எதிர்கொள்வது தெளிவாகத் தெரியும். ஒரே ஒரு ஷாட்டில் கோட்டைத் தாண்டினாலும் லுக் (பார்வை போகும் திசை) மாறிவிடும், இருவரும் வேறு யாரையோ பார்ப்பதுபோல் ஆகிவிடும். படித்தால் புரியாது, செல்லோடேப் ஒட்டித் தரையிலேயே கோடு போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: ஷாட் 3, 5 இரண்டும் மகன்தான். அவை அடுத்தடுத்து வந்தால் ஆங்கிள் குறைந்தது 30 டிகிரியாவது மாற வேண்டும், ஃபிரேமின் அளவும் நன்றாக மாற வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு குதிக்கும், ஆள் சட்டென்று துள்ளியதுபோல் தெரியும். இங்கே நடுவில் கை வருவதால் தப்பிக்கிறோம்.

4. எடுக்கும் வரிசை வேறு

கதை வரிசையில் எடுத்தால் கேமராவை மாற்றி மாற்றி வைத்தே பொழுது போய்விடும். 1, 6 இரண்டுக்கும் கேமரா ஒரே இடம், சேர்த்து எடுங்கள். அப்புறம் 3, 5. அப்புறம் 2. கடைசியில் கை. கீரைதான் தொல்லை தரும்: எடுக்க எடுக்க ஆய்ந்த குவியல் பெரிதாகிக்கொண்டே போகும். இரண்டு கட்டு கூடுதலாக வாங்குங்கள், ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் தட்டை போட்டோ எடுத்து வையுங்கள்.

5. படப்பிடிப்பு அன்று

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் போன்ற விளக்குகளின் மினுக்கல் வீடியோவில் பட்டைபட்டையாக விழலாம். வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 வினாடி என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். போனில் அந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் உங்கள் போனில் இயங்குமா என்று பாருங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றும் நடுவில் தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள். "ஆக்‌ஷன்" சொல்வதற்கு ஐந்து வினாடி முன்பே ரெக்கார்டிங் ஓடட்டும், "கட்" சொன்ன பிறகும் ஐந்து வினாடி ஓடட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் 30 வினாடி பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும்.

6. அன்று இரவே வெட்டிப் பாருங்கள்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், கதை தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று அவர் சொன்னால் ஷாட் டிவிஷன் வேலை செய்திருக்கிறது. சொல்லவில்லை என்றால் ஷாட் 4-ஐ இன்னும் இரண்டு வினாடி நீட்டிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அந்த ஒரு ஷாட்டை மட்டும் மறுநாள் அதே நேரத்து ஜன்னல் வெளிச்சத்தில், அதே புடவையோடு, போட்டோவில் உள்ள அளவுக்குத் தட்டில் கீரை வைத்து எடுத்துக்கொள்ளலாம்.