முதல் சேஃப்டி ரேசர்: தலையைப் பார்த்து வாங்குங்கள்

ரேசர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் கையில் எடுத்து எடையைப் பார்க்கிறார்கள். முகத்தில் அது எப்படி ஓடும் என்பதை இந்த இரண்டுமே சொல்லாது. அதைத் தீர்மானிப்பது பிளேடைக் கவ்விப் பிடிக்கும் தலைதான். கைப்பிடி, பளபளப்பு, பெட்டி எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சேஃப்டி ரேசர் என்று நான் சொல்வது, இரண்டு ஓரமும் கூரான மெல்லிய பிளேடை மாட்டி மழிக்கும் பழைய வகையை. பல வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த 'சேவிங் செட்' அதுதான். கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு. பிளேடின் அளவு அநேகமாக மாறாமலே வந்திருப்பதால், தாத்தாவின் ரேசர் நல்ல நிலையில் இருந்தால் இன்று கடையில் வாங்கும் பிளேடு அதில் உட்காரும்.

நான் இதற்கு மாறியது கழுத்துக்காக. மூன்று, ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜால் மழித்தால் மறுநாள் கழுத்தில் சிவந்த பொரிகள் கிளம்பும். காரணம் எளிமையானது. முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், பின்னால் வரும் பிளேடு வெட்டும், வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். சுருட்டை முடி என்றால் அது வளரும்போது வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்தும். ஒற்றைப் பிளேடு தோல் மட்டத்தோடு வெட்டி நிறுத்துவதால் இந்தத் தொல்லை குறைகிறது. எனக்கு நன்றாகவே குறைந்தது.

1. முதலில் உங்கள் தாடி

இரண்டு நாள் வளர விடுங்கள். விரலால் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், காதிலிருந்து மூக்குப் பக்கம் என்று தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் முடி வளரும் திசை, சொரசொரப்பது எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் அப்படி நம்ப முடியாது. பலருக்கு அங்கே மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளர்கிறது, குரல்வளைக்குக் கீழே சுழியாகக்கூட இருக்கும்.

இதோடு இன்னொரு கேள்வி: தினமும் மழிப்பவரா, நான்கைந்து நாளுக்கு ஒருமுறையா? தினமும் என்றால் மென்மையான தலை போதும். நீண்ட இடைவெளி விடுபவருக்கும் கம்பி மாதிரி முடி உள்ளவருக்கும் கொஞ்சம் கூடுதல் வீரியம் வேண்டியிருக்கும்.

2. தலையின் குணம்

தலையில் இரண்டு துண்டு: மேல்மூடி, அடித்தட்டு. நடுவில் பிளேடு. மூடி அதை வளைத்துப் பிடிக்கிறது. வளைத்தால்தான் வெறும் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடு முடியில் மோதும்போது அதிராமல் நிற்கும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. பிளேடின் ஓரத்துக்கும் அடித்தட்டின் காப்பு விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்று. மூடியையும் காப்பையும் தாண்டி பிளேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் கூடக்கூட ரேசர் முரடாகும். இணையக் கடைகளில் இடைவெளியை மட்டும் எண்ணாகப் போடுகிறார்கள். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இடைவெளி அதிகமாக இருந்தும் பிளேடு உள்ளடங்கி இருந்தால் ரேசர் சாதுவாகவே இருக்கும்.

ஜெர்மனியின் மூலே நிறுவனத்தில் ஆர்89, ஆர்41 என்று இரண்டு ரேசர்கள் உண்டு. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே தோற்றம். ஆனால் ஆர்89 ஆரம்பக்காரருக்கு ஏற்ற சாது, ஆர்41 அனுபவசாலிகளே கவனமாகப் பிடிக்கும் முரடு. கைப்பிடியில் ஒன்றுமில்லை, எல்லா வித்தியாசமும் தலையில்தான். அதேபோல இங்கிலாந்தின் எட்வின் ஜாக்கர் டிஇ89இன் தலை ஆர்89இன் தலையைப் போன்றதே. பிராண்டு வேறு, முகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்று.

காப்பு விளிம்பு நேர்க்கோடாகவோ சின்னச் சின்ன மேடுகளோடோ இருந்தால் மூடிய வகை. சீப்புப் பல் மாதிரி வெட்டு வெட்டாக இருந்தால் திறந்த வகை. சீப்புப் பல் நுரையையும் நீளமான முடியையும் உள்ளே விட்டுக்கொடுக்கும் என்பதால், வாரம் ஒருமுறை மழிப்பவருக்கு அடைத்துக்கொள்ளாது. முதல் ரேசருக்கு மூடிய வகையைத்தான் சொல்வேன். திருகி இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ரேசர்களும் உண்டு. அவை நல்லவையே. ஆனால் எரிச்சல் வந்தால் கோணத்தால் வந்ததா, அழுத்தத்தால் வந்ததா, திருகி வைத்த இடைவெளியால் வந்ததா என்று புதியவருக்குப் பிரித்துப் பார்க்க வராது. இரண்டாவது ரேசராக வாங்கிக்கொள்ளலாம்.

3. மூன்று துண்டா, இரண்டு துண்டா, பட்டாம்பூச்சியா

மூடி, அடித்தட்டு, கைப்பிடி மூன்றும் தனித்தனியாகக் கழன்றால் மூன்று துண்டு வகை. அடித்தட்டும் கைப்பிடியும் ஒட்டியே இருந்தால் இரண்டு துண்டு. மெர்க்கூர் 34சி இதற்குப் பெயர் பெற்றது. அடிக்குமிழைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறப்பது பட்டாம்பூச்சி வகை. இந்தியாவில் செய்யப்படும் பார்க்கர் 99ஆர் அந்த ரகம். (பேனா பார்க்கர் இல்லை, இது வேறு.)

பட்டாம்பூச்சியில் பிளேடு மாற்றுவது சுலபம், அதனால் பலருக்குப் பிடிக்கிறது. என் ஓட்டு மூன்று துண்டுக்குத்தான். போர்வெல் தண்ணீர்தான் காரணம். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் சோப்பும் சுண்ணமும் சேர்ந்து வெள்ளையாகப் படியும். மூன்று துண்டு ரேசரைக் கழற்றிப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் முடிந்தது. பட்டாம்பூச்சியில் கதவுக்கு உள்ளேயும் கைப்பிடிக்கு உள்ளேயும் படிவதை எடுப்பது சிரமம். கதவு முழுதாக மூடாமல் போனால் பிளேடு சரியாக இறுகாது.

4. பிளேடு நேராக உட்கார்ந்திருக்கிறதா

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் முதலில் வாங்கிய மலிவு ரேசரில் ஒரு பக்கம் மழமழவென்று போகும், திருப்பிப் பிடித்தால் மறுபக்கம் எரியும். பிளேடை மாற்றிப் பார்த்தேன், க்ரீமை மாற்றிப் பார்த்தேன், நிலைமை அப்படியேதான் இருந்தது. விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே தலையைப் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒரு பக்கம் பிளேடு அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருந்தது. ஒரே தலையில் இரண்டு குணமுள்ள ரேசர்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மூடியைத் தலைகீழாக வைத்து, அதன் கட்டைகளில் பிளேடையும், மேலே அடித்தட்டையும் வையுங்கள். பிளேடின் கூரில்லாத இரண்டு குறுகிய முனைகளையும் மூடியோடு சேர்த்து இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கைப்பிடியைத் திருகுங்கள். கூரான ஓரங்களில் விரல் வைக்கவே வேண்டாம். இறுக்கிய பிறகு தலையை நேர் எதிரே பிடித்து, இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடாகத் தெரியும் பிளேடு ஒரே அளவாக இருக்கிறதா, முனைக்கு முனை சாய்கிறதா என்று பாருங்கள்.

சாய்ந்திருந்தால் அரைச்சுற்று தளர்த்தி, விரலால் நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லை என்றால் கோளாறு எந்தத் துண்டில் என்று கண்டுபிடிக்கலாம். மூடியின் ஒரு ஓரத்தில் பேனாவால் சின்னப் புள்ளி வையுங்கள். கழற்றி, மூடியை மட்டும் அரை வட்டம் திருப்பி மாட்டுங்கள். அதிகம் நீட்டும் பக்கம் புள்ளியோடு சேர்ந்து இடம் மாறினால் மூடிதான் கோணல். புள்ளி மாறியும் நீட்டல் பழைய இடத்திலேயே இருந்தால் அடித்தட்டு கோணல். வேறு பிளேடு போட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டில் எது கோணல் என்றாலும் வீட்டில் சரிசெய்ய முடியாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதனால்தான் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கச் சொல்கிறேன், முகத்தில் வைப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறேன்.

5. உலோகம்

நடுத்தர விலை ரேசர்களில் தலை பெரும்பாலும் ஜமாக் எனும் துத்தநாகக் கலவை, மேலே குரோம் பூச்சு. வார்ப்பில் சுலபமாக வரும், விலை குறையும். பூச்சு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே போனால் கலவை அரிக்கத் தொடங்கும், முக்கியமாகத் திருகுமரையில். அதனால் ஜமாக் ரேசரை முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது, திருகாணி ஒடிந்தால் போனதுதான். பித்தளை உறுதி. துருப்பிடிக்காத எஃகு விலை அதிகம், ஆனால் பூச்சே தேவையில்லை என்பதால் பல்லாண்டு உழைக்கும்.

என் யோசனை: முதலில் ஜமாக் தலையுள்ள மென்மையான ரேசர். எந்தக் குணம் உங்கள் முகத்துக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு எஃகுக்குப் பணம் போடுங்கள்.

6. கைப்பிடி

சோப்பு நுரையோடு வழுக்காத அளவுக்குப் புடைப்பும் வரியும் இருந்தால் போதும். நீளம் உங்கள் விருப்பம்.

7. பிளேடு

ரேசரோடு வரும் பிளேடை வைத்து ரேசரை எடைபோடாதீர்கள். ஒரே ரேசர் இரண்டு வகைப் பிளேடில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். பிளேடு விலை சில ரூபாய்தான், அதனால் நான்கைந்து வகையில் சின்னப் பொதிகளாக வாங்குங்கள். ஜில்லெட் 7 ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ் இரண்டும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை. ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர், கை பழகிய பிறகு போட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்தது 7 ஓ கிளாக்கின் பிளாட்டினம் பூச்சு வகை. முதல் வாரங்களில் ரேசர், க்ரீம், பிளேடு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும்.

எஃகு, முடியைவிட சுமார் 50 மடங்கு கடினம். அப்படியும் பிளேடு மழுங்குவது ஏன் என்று அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஓரம் சீராகத் தேய்வதில்லை. எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் ஒரு முடி மோதினாலே ஓரத்தில் பொடிச்சில்லு பெயர்ந்துவிடுகிறது. அப்படிச் சில்லு போன ஓரம்தான் முடியைப் பிடித்து இழுக்கிறது. இழுப்பு தெரிந்த அன்றே பிளேடை மாற்றிவிடுங்கள், கணக்குப் பார்த்து இன்னொரு நாள் ஓட்ட வேண்டாம்.

முதல் முறை மழிக்கும்போது

கைப்பிடியைக் கன்னத்துக்குச் செங்குத்தாக நிறுத்தி, மூடி மட்டும் தோலில் பட வையுங்கள். அப்புறம் கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடு முடியைத் தொடும் சரசரப்பு கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிளேடு தோலோடு சுமார் 30 பாகைக் கோணத்தில் இருக்கும். அழுத்தவே கூடாது, ரேசரின் எடையே வேலை செய்யும். கார்ட்ரிட்ஜ் பழகிய கை தானாக அழுத்தும், அதைக் கவனித்து விடுவிக்க வேண்டும். முதல் சில வாரங்கள் முடி வளரும் திசையில் மட்டும் போங்கள்.

முடித்ததும் முகத்தைக் கழுவிவிட்டு ஈரப் படிகாரத்தைத் தடவுங்கள். சலூன்களில் தடவும் அதே படிகாரம்தான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சின்ன வெட்டில் ரத்தம் நிற்கும். அதைவிட முக்கியம், எங்கே சுருக்கென்று எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த இடத்தில் கையைத் தளர்த்துங்கள்.

படித்தவர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

பிளேடு ரேசரில் உட்காரவில்லை என்று ஒருவர் எழுதினார். அவர் வாங்கியது ஒரு பக்கம் மட்டும் கூரான தடித்த பிளேடு, அதற்கு ரேசரே வேறு. பொதியில் இரண்டு பக்கமும் கூரானது என்று இருக்கிறதா பாருங்கள்.

இன்னொருவர் சலூனில் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் மடக்குக் கத்தியை வாங்கிவிட்டு, அது வெட்டுகிறது என்றார். பிளேடு அதேதான், ஆனால் அந்தக் கத்தியில் காப்பு விளிம்பு கிடையாது. கோணத்தை முழுக்கக் கைதான் காக்க வேண்டும். பழகாமல் சொந்தமாக மழிக்க அது வேண்டாம்.

பழைய பிளேடை எங்கே போடுவது என்று பலர் கேட்டிருந்தார்கள். குப்பையில் அப்படியே போடாதீர்கள், அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும். பால்பவுடர் டின் மாதிரி ஒரு தகர டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு நீளத் துளை போட்டு வையுங்கள். நிரம்ப வெகுகாலம் ஆகும். நிரம்பியதும் துளையை டேப்பால் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: பிளேடைக் கைப்பையில் விட மாட்டார்கள். செக்-இன் பெட்டியில் வையுங்கள், அல்லது போய்ச் சேரும் ஊரில் ஒரு பொதி வாங்கிக்கொள்ளுங்கள்.