நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் சீட் வலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

50 கிலோமீட்டர் தாண்டியதும் பின்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது இன்னும் மெத்தென்ற சீட். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, நன்றாக அமுங்குகிறது என்று வாங்கிவிடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் சுகம்தான். இரண்டு மணி நேரம் போனால் பழைய சீட்டே தேவலை என்று தோன்றும்.

சைக்கிளில் உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில், இருபுறமும் துருத்தி நிற்கும் இரண்டு எலும்பு முனைகள். தடிமனான ஜெல் அந்த முனைகளுக்குக் கீழே அமுங்கி, நடுவில் மேலே பிதுங்கும். நடுவில் ஓடுவது நரம்பும் ரத்தக் குழாயும். அவை நசுங்குவதால்தான் மரத்துப்போகிறது. சீட்டின் மேல் மாட்டும் ஜெல் உறை இன்னும் மோசம்: பிதுங்குவது போதாதென்று, ஓட்ட ஓட்ட நகர்ந்து தோலையும் உரசும். நிமிர்ந்து உட்கார்ந்து பக்கத்துத் தெருவுக்குப் போய் வர மெத்தை சீட் சரி. குனிந்து நூறு கிலோமீட்டர் போக, கெட்டியான சீட்தான் வேண்டும்.

அளக்காமல் அகலத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆள் பருமன் என்றால் அகலமான சீட், ஒல்லி என்றால் குறுகலானது என்று முடிவு கட்டுவது தவறு. எலும்பு முனைகளுக்கு இடையிலான தூரத்துக்கும் உடல் எடைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வீட்டிலேயே அளந்துவிடலாம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் அட்டைப்பெட்டி அட்டையைக் கெட்டியான, உயரம் குறைந்த ஸ்டூலின் மேல் வையுங்கள். மெல்லிய உடையோடு அதில் உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்து, ஸ்டூலைக் கைகளால் பிடித்து உடம்பைக் கீழே இழுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். இரண்டின் ஆழமான நடுப்புள்ளிகளுக்கும் பேனாவால் குறி வைத்து, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ரோடு சைக்கிளில் அதோடு ஏறத்தாழ 20 முதல் 30 மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். 118 மி.மீ. வந்தால் 140–145 மி.மீ. சீட்டில் தொடங்கலாம்.

அகலம் குறைந்தால் எலும்புகள் விளிம்புக்கு வெளியே போய், எடை முழுவதும் நடுவில் இறங்கும். கூடினால் உள்தொடை உரசும். மேற்பரப்பின் வளைவையும் கவனியுங்கள்: பக்கவாட்டில் அதிகம் சரியும் சீட்டில், விற்கும் பெட்டியில் போட்டிருக்கும் அகலம் முழுவதும் உட்காரக் கிடைக்காது.

சீட்டை மாற்றிவிட்டு, அது இருக்கும் நிலையைச் சரிபார்க்காமல் விடுவது

பாதிச் சீட்டுகள் குற்றமில்லாமல் தண்டனை வாங்குகின்றன. உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் உயரம். சீட் உயர்ந்திருந்தால் பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு அந்தப் பக்கம் சரியும். தோல் உரசிப் புண்ணாகும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நீண்டு நேராக வேண்டும், இடுப்பு அசையக் கூடாது. பின்னாலிருந்து ஒருவரை மொபைலில் வீடியோ எடுக்கச் சொன்னால் ஆட்டம் தெளிவாகத் தெரியும். தெரிந்தால் 3 மி.மீ. இறக்கி, ஓட்டிப் பார்த்து, தேவையென்றால் இன்னும் 3 மி.மீ.

அடுத்தது சாய்வு. தட்டையான புத்தகம் ஒன்றைச் சீட்டின் மேல் வைத்து, அதன்மேல் ரசமட்டமோ மொபைல் ஆப்போ வைத்துப் பாருங்கள். தொடக்கம் சமமட்டம். சீட்டின் மூக்கு, அதாவது முன் நுனி, மேலே தூக்கியிருந்தால் மரத்துப்போகும். அதற்குப் பயந்து ஒரேயடியாகக் கீழே சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஊன்றும். உள்ளங்கையும் தோளும் வலிக்கும். ஒரு நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் மாற்ற வேண்டாம்.

எப்போதும் சீட்டின் நுனிக்கே நகர்ந்துவிடுகிறீர்கள், ஆனால் சாய்வு சரியாக இருக்கிறது என்றால், ஹேண்டில்பார் எட்டாத தூரத்திலோ அளவுக்கு மீறித் தாழ்வாகவோ இருக்கலாம். அதற்குப் புதுச் சீட் மருந்தல்ல.

மூக்குக்கு மூக்கு பொருத்துவது

பழைய சீட்டின் நுனி இருந்த இடத்திலேயே புதிய சீட்டின் நுனியையும் வைப்பது பரவலான பிழை. பழைய வடிவங்கள் சுமார் 275 மி.மீ. நீளம்; குட்டை மூக்கு சீட்டுகள் 250 மி.மீ. ஒட்டி இருக்கும். நுனியைப் பொருத்தினால் உட்காரும் இடம் தவறிவிடும். இரண்டிலும் அகலம் 80 மி.மீ. ஆகும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிகளைப் பொருத்துங்கள். பெடல் கைகள் (கிராங்க்) சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து அந்தக் குறிவரை உயரத்தையும் அளங்கள். சீட்டின் அடியில் உள்ள கம்பிகளிலிருந்து (ரெயில்) மேற்பரப்புவரை உள்ள உயரம் சீட்டுக்குச் சீட்டு மாறும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்கூட வரலாம். கழற்றும் முன் சீட்டைத் தாங்கும் குழாயில் (சீட் போஸ்ட்) பழைய உயரத்துக்கு அடையாளமாக டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. கார்பன் ரெயில் பெரும்பாலும் நீள்வட்டம், 7 மி.மீ. உருண்டை ரெயிலுக்கான கிளாம்ப்பில் இறுக்கினால் விரிசல் விடும்.

ஷார்ட்ஸ், சோதனை

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் முதலில் புண்ணாக்கும். ஒவ்வொரு தடவையும் துவைத்த ஷார்ட்ஸையே அணியுங்கள். பேட் தடிமன் மாறினால் சீட் உயரமும் சில மி.மீ. மாறியதாகத்தான் கணக்கு.

சீட், ஷார்ட்ஸ், உயரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மணி நேர ஓட்டம் சிலவற்றில் பாருங்கள். எலும்பு முனைகளில் மட்டும் வரும் லேசான வலி, புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும். லெதர் சீட் உடம்புக்குப் படிய சில நூறு கிலோமீட்டர் பிடிக்கும். அதற்குள் லெதரை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் போல்ட்டைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம், மழையில் நனையவும் விடாதீர்கள்.

மரத்துப்போவது அப்படி அல்ல. அது பழகும் என்று காத்திருப்பதுதான் இதில் ஆபத்தான தவறு. உடனே எழுந்து நின்று மிதியுங்கள். பொதுவாகவே பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் நின்று மிதித்தால் ரத்த ஓட்டம் திரும்பும். சைக்கிளை விட்டு இறங்கிப் பல மணி நேரம் ஆகியும் உணர்ச்சி திரும்பவில்லை என்றாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.