கைதிகளின் குணத்தை எடைபோடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

சிறையிலோ முகாமிலோ அடைபட்டவர்களைப் பற்றிப் படித்ததும் "இவர் நெஞ்சுரம் உள்ளவர், அவர் கோழை" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதற்கு முன் கீழே இருப்பதையெல்லாம் பாருங்கள், இதே வரிசையில்.

முதலில் சாப்பாடு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்துப் பட்டினி ஆய்வு நடத்தினார்கள். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்தவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள், அதாவது கொள்கைப் பிடிப்பு நிறையவே உள்ளவர்கள். சுமார் ஆறு மாதம் அரைவயிறுதான். தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள், ஒன்றுமில்லாததுக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். அதனால் ஒரு கைதி ரொட்டித் துண்டைத் திருடினார் என்று படித்தால், அப்போது அவருக்கு எவ்வளவு சாப்பாடு கிடைத்தது என்று தேடுங்கள். அது தெரியாமல் அவர் குணத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

அப்புறம், தனியாக இருந்தாரா, ஆட்களோடு இருந்தாரா? மண்டேலா சிறையில் கழித்த 27 ஆண்டுகளில் 18 ராபன் தீவில். அங்கே சுண்ணாம்புக் குவாரியில் வேலை செய்தபடியே தோழர்கள் அரசியல் பேசினார்கள், ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். அவருடைய உறுதியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்று 2015இல் ஐ.நா. ஏற்ற விதிகள் சொல்கின்றன. தனிமை யாரையும் உடைக்கும்.

அடுத்து, உள்ளே வந்தது யார், அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது? 1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைத்த சிறைச் சோதனையை, இரண்டு வாரம் திட்டமிட்டு, காவலர்களின் கொடுமை எல்லை மீறியதால் ஆறே நாளில் நிறுத்தியதை, சூழ்நிலைதான் எல்லாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் காவலராக நடித்த ஒருவரை இன்னும் கறாராக இருக்கச் சொல்லி ஆய்வுக் குழுவிலிருந்தே வற்புறுத்தியது ஒலிப்பதிவில் இருக்கிறது. 2007இல் வந்த இன்னோர் ஆய்வில், 'சிறை வாழ்க்கை' பற்றிய ஆய்வுக்கு ஆள் தேவை என்று போட்ட விளம்பரத்துக்கு வந்தவர்களிடம், அந்தச் சொற்கள் இல்லாத விளம்பரத்துக்கு வந்தவர்களைவிட முரட்டுத்தனமும் அதிகாரப் போக்கும் அதிகம் தெரிந்தது.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் குணம். அப்போதும் ஒரே கொட்டடி, ஒரே பங்கீடு, ஒரே காலம் என்று இருந்தவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

காவலர்களுக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஸ்டான்ஃபோர்டில் காவலர்கள் 8 மணி நேரம் முறை வைத்து வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அவர்களிலும் சிலர் கைதிகளிடம் இரக்கமாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆகவே அவர்களிடம் குணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.