குமுளிக் கடையின் இணையதளம் கூகுளில் ஏன் மேலே வருவதில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழக-கேரள எல்லையிலுள்ள குமுளியிலிருந்து தேக்கடிக்குப் போகும் சாலையில் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு இன்று சொந்த இணையதளமும் உண்டு. கடையின் பெயரைக் கூகுளில் தட்டினால் அந்தத் தளம் முதலில் வந்து நிற்கும். உரிமையாளரும் அதைக் கைப்பேசியில் காட்டி மகிழ்வார். ஆனால் கடையின் பெயரைத் தெரிந்து தேடுகிறவர் ஏற்கெனவே வாடிக்கையாளர்தான். பெயர் அறியாத ஒருவர் மதுரையில் உட்கார்ந்துகொண்டு “8 மில்லிமீட்டர் ஏலக்காய் கிலோ என்ன விலை” என்று தேடும்போது அந்தத் தளம் கண்ணில் படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் படுவதில்லை. இந்தப் பகுதியின் சிறு கடைகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் தளம் அமைத்துக் கொடுப்பவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறுகளை எழுதுகிறேன். அவற்றுள் முதலாவது நானே செய்தது.

வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் தளத்தைக் கட்டும்போது, அரைகுறையான பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டத்தில் டிக் போட்டு வைப்போம். ஒரு ஹோம்ஸ்டேயின் தளத்தைத் திறந்துவைத்த பிறகு அந்த டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். இரண்டரை மாதம் வரை, பெயரைச் சொல்லித் தேடினாலும் தளம் வரவில்லை. உரிமையாளரோ என் எழுத்தில் குறை என்று நினைத்தார், நானோ போட்டி அதிகம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்ட கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, முகப்புப் பக்கத்தின் முகவரியை அதில் இட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். ஆகவே, வேறு எதையும் திருத்துவதற்கு முன், கூகுள் தேடலுக்காகச் சேர்த்துவைத்திருக்கும் அட்டவணையில் உங்கள் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்த தவறு, சொல்ல வேண்டியதையெல்லாம் படமாக ஏற்றிவிடுவது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காகச் செய்த விலைப்பட்டியல் படத்தையே தளத்திலும் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடுபொறி உங்களை மேலே கொண்டுவரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பொருளின் பெயர், அளவு, விலை, அனுப்பும் முறை ஆகியவை பக்கத்தில் எழுத்தாகவே இருக்க வேண்டும். தமிழுக்கு இதில் இன்னொரு கேடும் உண்டு. அச்சகத்தில் நோட்டீஸுக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரிவது, கூகுளுக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அந்தக் குப்பையை யாரும் தேடப்போவதில்லை. பழைய எழுத்துருவில் இருப்பதை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; மாற்றியபின் ஒருமுறை படித்துப் பிழை திருத்திக்கொண்டால் போதும்.

எல்லையோர ஊர்களுக்கே உரிய சிக்கல் மொழி. எங்கள் கடைகளுக்கு வருகிறவர்களில் தமிழர், மலையாளி, வெளிநாட்டார் என்று மூவகையினரும் உண்டு. கடைக்காரர் மூவரிடமும் அவரவர் மொழியில் பேசிச் சமாளித்துவிடுகிறார். அந்தச் சாமர்த்தியத்தைத் தளத்திலும் காட்ட நினைத்து, ஒரே பக்கத்தில் தலைப்பை ஆங்கிலத்திலும் விவரத்தைத் தமிழிலும் விலையை மலையாளத்திலும் எழுதினால், அந்தப் பக்கம் எந்த மொழியில் தேடுகிறவருக்கானது என்பது தேடுபொறிக்குப் புரியாது. மொழிக்கு ஒரு பக்கமாக, தனித்தனி முகவரியோடு வைத்து, இவை ஒன்றுக்கொன்று மொழிமாற்றுப் பக்கங்கள் என்பதை ஹெச்ரெஃப்லாங் குறியால் காட்டுவதே முறை. பார்வையாளர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தானாகவே ஆங்கிலப் பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாடும் வேண்டாம். தளங்களைப் படித்துச் சேர்க்கும் கூகுளின் நிரல் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்துதான் வருகிறது என்பதால், உங்கள் தமிழ்ப் பக்கத்தை அது பார்க்காமலே போய்விடக்கூடும். இயந்திரம் மொழிபெயர்த்ததைப் படித்துப் பாராமல் ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலையாளம் தெரிந்த ஒருவரைப் பக்கத்துக் கடையிலிருந்து கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாலே அதன் லட்சணம் தெரிந்துவிடும்.

மொழிக்குள்ளும் சொல் வேறுபடுகிறது. ஏல மையங்களில் பழகியவர் தம் பக்கத்தில் ‘ஏஜிஇபி’ என்று எழுதுவார். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட் என்ற தரத்தின் சுருக்கம் அது. மொத்த வியாபாரிக்கு அது போதும். பாயசத்துக்கு நூறு கிராம் வாங்க நினைக்கும் இல்லத்தரசியோ “பெரிய பச்சை ஏலக்காய்” என்றுதான் தேடுவார், அதையும் பல நேரம் ஆங்கில எழுத்திலேயே தட்டுவார். கடையின் கல்லாவில் உட்கார்ந்து ஒரு வாரம், வருகிறவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: நிறம் ஏற்றியதா, எத்தனை மாதம் மணம் இருக்கும், கூரியரில் எத்தனை நாளில் வரும். அந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் பக்கங்களைப் போல் பயன் தருவது வேறில்லை என்பது என் அனுபவம். சர்ச் கன்சோலில், எந்தெந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியலும் இருக்கிறது. நோட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதைச் செய்யாமல், “குமுளி ஏலக்காய், தேக்கடி ஏலக்காய், நல்ல ஏலக்காய்” என்று ஒரே சொல்லைப் பத்தி முழுவதும் அடைப்பது பழைய நோய். பக்கத்தின் பின்னால் ஒளித்துவைக்கும் தேடுசொல் பட்டியலான மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டே அறிவித்துவிட்டது. அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பம், தேனி, போடி, கட்டப்பனை என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை முப்பது தடவை போடுவது அதைவிடக் கெட்டது; கூகுளின் விதிகளில் அது வெளிப்படையாகவே தடுக்கப்பட்டிருக்கிறது.

பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகளைப் பணம் கொடுத்து வாங்குவதும் அதே வகைதான். தேடல் வரிசையை அமைக்கும் முறையில் 2012இல் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் மாற்றத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட இணைப்புகளை நம்ப முடியாது; தளத்தைக் கீழே இழுக்கவும் கூடும். முதலிடத்துக்கு உத்தரவாதம் என்று தொலைபேசியில் சொல்கிறவரிடம், அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருப்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். உங்களிடம் மிளகு வாங்கும் விடுதி தன் தளத்தில் உங்கள் கடையைக் குறிப்பிட்டால், அந்த ஓர் இணைப்பு, தொலைபேசியில் பேசியவர் விற்கும் ஐந்நூறு இணைப்புகளைவிட மேல்.

உள்ளூர்த் தேடலில், கூகுள் வரைபடத்தில் கடையைக் காட்டும் பதிவான கூகுள் பிசினஸ் புரொஃபைல் தளத்தைவிட முன்னால் நிற்கிறது. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்தே அங்கே வரிசை அமைகிறது. கடையின் பெயர்ப்பலகையில் இல்லாத சொற்களைக் கடைப் பெயரோடு சேர்த்தால் கணக்கே முடக்கப்படலாம். தள்ளுபடி கொடுத்து மதிப்புரை எழுதச் சொல்வதும் விதிமீறல். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் மலையடிவாரத்தில், லோயர் கேம்ப்பில் இருக்கும் கடைக்குக் குமுளி முகவரி கொடுத்துவிட்டு, வரைபடத்தில் புள்ளியைச் செக்போஸ்ட் மேல் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வந்தவர்கள் மலையேறி வந்து தேடிவிட்டுப் போனார்கள்.

படங்களின் எடையைப் பற்றி ஒரு சொல்: 6 எம்பி புகைப்படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. மலையில் சிக்னல் எப்படி என்பது நமக்குத் தெரியும்.

இறுதியாக, தளத்தைப் புதுப்பிக்கும் தறுவாயில் நிகழும் தவறு. புதிய வடிவத்தோடு பக்கங்களின் முகவரிகளும் மாறும்போது, பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திசைமாற்றத்தை, அதாவது 301ஐ, அமைக்க மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மதிப்பு அத்துடன் போய்விடுகிறது. அந்தத் திசைமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். காலமும் முக்கியம். கார்த்திகை முதல் தேதி தொடங்கி ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குமுளி வழியாக வரிசைகட்டும் என்பதால், ஐப்பசியில்தான் பலரும் என்னை அழைத்துத் தளத்தை மாற்றச் சொல்கிறார்கள். செய்த திருத்தங்களின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பது கூகுள் தரப்பே சொன்ன கணக்கு. எனவே ஐப்பசியில் விலையையும் கடை திறக்கும் நேரத்தையும் மட்டும் திருத்துங்கள்; தளத்தைக் கலைத்துக் கட்டும் வேலையை மகரவிளக்கு முடிந்து கூட்டம் ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் தொடங்கிக்கொள்ளலாம்.